பூவின் முதுகைப் படமெடுக்கத் தொடங்கிய பிறகு

பூக்களைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பூ ஏற்கெனவே அழகாக இருக்கிறது. ஓரளவு நல்ல வெளிச்சமும் சரியான ஃபோகஸும் அமைந்துவிட்டால் படமும் அழகாகத்தான் வரும். பார்ப்பவர்கள் மனதார நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆனால் அந்த அழகு முழுக்கப் பூவுக்குச் சொந்தம். எடுத்தவர் அதில் என்ன சேர்த்தார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

தொடக்க காலத்தில் இந்தக் கேள்வி எழாது. கற்றுக்கொள்ள வேண்டியது மலைபோல் கிடக்கும். லென்ஸின் திறப்பான அபெர்ச்சர் என்ன செய்கிறது, பின்னணியை எப்படி மங்கவைப்பது, காற்றில் ஆடும் பூவை எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கைவரும்போது அந்தச் சந்தோஷமே நம்மை இழுத்துக்கொண்டு போகும். அடிப்படைகள் கைக்குள் வந்த பிறகுதான் வறட்சி தொடங்குகிறது. எனக்கும் அப்படித்தான். பூக்கள் இருக்கும், வெளிச்சம் இருக்கும், நேரமும் இருக்கும், எடுக்கத் தோன்றாது. ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே என்ன படம் வரும் என்று தெரிந்துவிடும். நடுவில் பூ, பின்னால் கரைந்துபோன பச்சை. தெரிந்த ஒன்றை மறுபடி எடுப்பதற்குக் கை எப்படி நீளும்?

இந்தக் கட்டத்தில் பலர் புது லென்ஸ் வாங்குகிறார்கள், இல்லையென்றால் புதுப் பூக்களைத் தேடிப் போகிறார்கள். இரண்டுமே கொஞ்ச காலம் உதவும். எனக்கு நிஜமாகவே வழிகாட்டியது என் பழைய படங்கள்தான்.

அவற்றைச் சின்ன அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பினேன். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தரையில் பரப்பினால் படங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். அவற்றைப் பிரிக்கும்போது எது நல்ல படம் என்று நான் பார்க்கவில்லை. கூர்மை, வண்ணம், யார் எதைப் பாராட்டினார்கள் என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இதை இன்னொரு தடவை பார்க்க ஆசை வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆசை வந்தவை ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம்.

ஆசை வந்த பக்கத்தில் ஓர் ஒற்றுமை இருந்தது. பூ நேராக நம்மைப் பார்க்கும் படங்கள் அதில் மிகக் குறைவு. பெரும்பாலானவை பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்தவை. காம்பு எங்காவது ஃபிரேமுக்குள் இருந்தது. நேர் வெயில் இல்லை. பின்னணி இருட்டாகவோ சாம்பல் கலந்தோ இருந்தது. இவை எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. எடுக்க நினைத்த படத்தை எடுத்து முடித்து, கிளம்பும்போது போகிற போக்கில் எடுத்தவைதான் பாதிக்கு மேல். எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று இருந்த நேரத்தில் என் கண் தானாகப் போன இடம் அது. பாணியைத் தேடுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் பழைய படங்களிடம் போங்கள். அந்த விருப்பம் அங்கே எப்போதோ வந்து உட்கார்ந்திருக்கும்.

அதன் பிறகு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். கொஞ்ச காலத்துக்குப் பூவின் முகத்தை எடுப்பதில்லை, முதுகு மட்டும்தான். அங்கேதான் எனக்குப் புதிதாக ஓர் உலகமே திறந்தது.

செம்பருத்தியைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறீர்களா? இதழ்களைத் தாங்கும் பச்சைப் புல்லிவட்டத்துக்குக் கீழே, மெல்லிய பச்சை ஈர்க்குகள் இன்னொரு வட்டமாக நிற்கும். தாவரவியலில் அதைப் புறப்புல்லி வட்டம் என்பார்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது எல்லாக் கவனத்தையும் வாங்கிக்கொள்ளும் மகரந்தத் தண்டு இங்கே இல்லை. அதற்குப் பதிலாக இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று எப்படிச் சாய்ந்து சுழல்கின்றன என்பது தெளிவாகத் தெரியும். எத்தனையோ முறை எடுத்த பூதான் அது. ஆனால் அதன் கட்டமைப்பு எனக்குப் புரிந்தது பின்னால் போனபோதுதான்.

ரோஜாவின் முதுகு இன்னும் சுவாரசியம். அடியில் ஐந்து புல்லி இதழ்கள் இருக்கும். காட்டு ரோஜா வகைகளில் நன்றாகக் கவனித்தால், அவற்றில் இரண்டுக்கு இருபுற ஓரங்களிலும் கிழிந்தது போன்ற சிறு நீட்சிகள் உண்டு. இரண்டுக்கு எந்த ஓரத்திலும் இல்லை. மிச்சமிருக்கும் ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் உண்டு. மொட்டாக இருந்தபோது எந்த ஓரம் வெளியே தெரிந்ததோ அங்கே நீட்சி வளர்ந்திருக்கிறது, அடியில் மூடப்பட்ட ஓரம் வழவழப்பாக நின்றுவிட்டது. அதாவது, பூ விரிந்த பிறகும் மொட்டு எப்படி மூடியிருந்தது என்ற வரலாறு அதன் முதுகில் எழுதியிருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து ரோஜாச் செடியைச் சும்மா கடந்து போக என்னால் முடிவதில்லை. எந்த ஓரம் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவேன்.

உற்சாகம் பற்றி நான் கற்ற பெரிய விஷயமும் இதிலேயே இருக்கிறது. எனக்குப் புகைப்படப் பாடங்களைவிடத் தாவரவியல்தான் அதிகம் ஊக்கம் தந்தது. ஒரு பூவின் பாகங்களுக்குப் பெயர் தெரிந்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று கொஞ்சம் புரிந்துவிட்டால் பார்ப்பதற்கு விஷயம் தீர்வதே இல்லை. சூரியகாந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கூட்டம். நடுவட்டத்தில் உள்ளவை விளிம்பிலிருந்து உள்நோக்கி, வளையம் வளையமாக மலரும். அதனால் ஒரே தலையில் மலர்ந்து முடிந்தவை, மலர்ந்துகொண்டிருப்பவை, இன்னும் மொட்டாகவே இருப்பவை என மூன்று நிலைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். இது தெரியாதபோது அங்கே எனக்கு ஒரு பழுப்பு வட்டம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு, அந்த வளையங்களின் எல்லைக்கோட்டை ஃபிரேமில் எங்கே வைப்பது என்பதே ஒரு நாளுக்கான வேலையாகிவிட்டது.

முதுகைப் படமெடுப்பவர்களுக்கு அதே சூரியகாந்தி இன்னொரு பரிசும் தருகிறது. இளம் மொட்டுகள் பகலெல்லாம் சூரியனோடு திரும்பும். ஆனால் முற்றி மலர்ந்த தலைகள் பெரும்பாலும் கிழக்கைப் பார்த்தே நின்றுவிடும். காலையில் அவற்றின் மேற்குப் பக்கம் போய் நின்றால் முதுகு நம் பக்கம், சூரியன் எதிரே. ஓரத்து மஞ்சள் இதழ்களுக்குள் புகுந்து வெளிச்சம் நம்மிடம் வரும். பச்சைச் செதில்கள் நிழலில் கறுத்து நிற்கும். ரிஃப்ளெக்டரோ ஃபிளாஷோ வேண்டாம், நிற்கிற இடம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

இப்படிப் பின்னொளியில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை, கேமராவிடம் முழுதாக விட்டுவிடாதீர்கள். ஃபிரேமில் பெரும்பகுதி இருட்டாக இருந்தால், அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்த்து, கேமராவின் ஒளி மீட்டர் எல்லாவற்றையும் ஏற்றிவிடும். ஒளி ஊடுருவும் இதழ் வெளுத்துப்போகும். நான் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்துத் தொடங்குவேன். வெள்ளைப் பூ ஃபிரேமை நிறைத்தால் நிலைமை தலைகீழ். ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூட்டாவிட்டால் வெள்ளை சாம்பலாகிவிடும். சிவப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். அப்புறம் இதழில் நரம்பும் இருக்காது, மடிப்பும் இருக்காது, ஒரே சிவப்புத் திட்டுதான். மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. தனிப்பாணி என்று ஒன்று பூப்படங்களில் எங்காவது கண்ணுக்குத் தெரிகிறதென்றால் அது இங்கேதான் என்று நினைக்கிறேன். முழு ஃபிரேம் கேமராவில், பூவின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி நெருங்கி, அபெர்ச்சரை எஃப் 8இல் வைத்து எடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். பாதி அளவுக்குத் தள்ளி வந்தால் மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். எஃப் 16, எஃப் 22 என்று திறப்பை மூடிக்கொண்டே போனால் ஆழம் கொஞ்சம் கூடும். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில், சின்னத் திறப்பின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மென்மையாகத் தொடங்கிவிடும். ஆக, எப்படிப் பார்த்தாலும் பூவில் ஒரு மெல்லிய படலம்தான் நம் கையில். அது எது? இதழின் விளிம்பா, அதன் நரம்பா, காம்பின் மேல் இருக்கும் மயிரா? இந்தத் தேர்வைத் தானியங்கி ஃபோகஸிடம் ஒப்படைத்தால் அருகில் இருப்பதையோ பளிச்சென்று இருப்பதையோ அது பிடிக்கும். நான் லென்ஸைக் கைமுறைக்கு மாற்றி, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து எனக்கு வேண்டிய கோடு தெளியும் இடத்தில் அழுத்துகிறேன். பழக நாளாகும். ஆனால் ஒரு பூவுக்குள் இப்படி முன்னும் பின்னும் போய்வரும்போது, எடுக்காமல் விட்ட படங்கள் எத்தனை என்று தெரியவரும். அதிலேயே அடுத்த நாள் வேலையும் கிடைத்துவிடும்.

பல படங்களை வெவ்வேறு ஆழத்தில் எடுத்து ஒன்றாக அடுக்கும் முறை இருக்கிறது. அடையாளம் காட்டுவதற்கும் ஆய்வுக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. நானும் கொஞ்சம் செய்து பார்த்தேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. எல்லாமே கூர்மையாக இருக்கும்போது, நான் எதைப் பார்த்தேன் என்று சொல்ல இடமில்லாமல் போகிறது. இது என் விருப்பம்தான். உங்கள் கண் முழுக் கூர்மையை விரும்பினால் அந்தப் பக்கமே தைரியமாகப் போங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அசைவு உறைந்துபோகும், அது உண்மைதான். ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் பூ நம்மை நோக்கியும் விலகியும் ஆடுவதுதான் பெரிய தொந்தரவு. கூர்மைப் படலமே பூவை விட்டு நழுவிவிடும், வேகம் அதற்கு ஒன்றும் செய்யாது. நிலம் சூடேறாத அதிகாலையில் காற்று பொதுவாக அடங்கியிருக்கும். அதைத் தவறவிட்டால், ஆட்டத்துக்கு இடையில் பூ ஒரு கணம் நிற்கும், அதற்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும். லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது பூவின் ஆட்டத்திலும் ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

சரி, கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். முகத்தை எடுப்பதில்லை என்ற முடிவு எப்படி என்னைக் கட்டிப்போடாமல் விடுதலை செய்தது என்று எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு இந்தத் துறையில் முன்னால் போனவர்களைப் படித்தபோது, அவர்களில் பலரும் ஏதோ ஒரு வேலிக்குள் நின்றுதான் பெரிய வேலை செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) சிற்பம் பயின்றவர், பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்கு வடிவங்களைக் கற்பிக்கத்தான் செடிகளைப் படமெடுத்தார். சொந்தமாக அமைத்துக்கொண்ட கேமரா, வெறும் வெள்ளை அல்லது சாம்பல் பின்னணி, பரவலான வெளிச்சம், முப்பது மடங்கு வரை பெரிதாக்கம். முப்பது வருடங்களுக்கு மேல் இதே முறைதான். அவருடைய முதல் புத்தகம் 1928இல் வெளிவந்தபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் பெரும்பாலும் அந்தப் படங்கள் வகுப்பறைக்கான பாடப் பொருளாகவே இருந்தன. பாணி வேண்டும் என்று அவர் அலைந்த மாதிரி தெரியவில்லை. ஒரு தேவைக்காக ஒரே மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

அமெரிக்காவின் இமோஜன் கன்னிங்ஹாம் 1920களில் மூன்று சிறு பையன்களை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். வெளியே போக முடியாததால் தோட்டத்துச் செடிகளைப் படமெடுத்தார். 1925இல் அவர் எடுத்த மக்னோலியா பூவின் நெருங்கிய படம் இன்றும் பேசப்படுகிறது. ஃபேஷன் படங்களுக்குப் பெயர்பெற்ற இர்விங் பென் 1967 முதல் சில ஆண்டுகள் ஒரு பத்திரிகைக்காக வருடத்துக்கு ஒரு வகைப் பூ என்று எடுத்தார். டியூலிப், பாப்பி, பியோனி என்று போனது அந்த வரிசை. அவர் தேர்ந்தது அரும்பும் பூவையோ உச்சத்தில் நிற்கும் பூவையோ இல்லை. உச்சத்தைத் தாண்டி, புள்ளி விழுந்து, சுருளத் தொடங்கிய பூக்களிடம்தான் அவர் அதிகம் போனார். வெள்ளைப் பின்னணியில் அந்தச் சுருக்கங்கள் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று பாருங்கள்.

இவர்களை நகலெடுத்துப் பழகுவதில் தப்பே இல்லை. பிளாஸ்ஃபெல்ட் போல ஒரு சுருளிக்கொடியை வெறும் அட்டை முன்னால் வைத்து எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அவர் வழியை விட்டு விலக ஆசை வருகிறதோ அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவருடைய அசையாத ஒழுங்கு மிகவும் பிடிக்கும். ஆனால் காம்பை வெட்டி உள்ளே கொண்டுவந்ததும் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. செடியிலேயே, அதன் பாரத்தோடு வளைந்து நிற்கும் காம்புதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளவே அந்தப் பயிற்சி உதவியது.

எதுவும் எடுக்கத் தோன்றாத நாட்கள் இப்போதும் வருகின்றன. அவற்றுக்கு நான் வைத்திருக்கும் வழி எளிது. படமெடுத்து முடித்ததும் அன்றைக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வியை நோட்டில் எழுதிவிடுவேன். ஒரு உதாரணம்: பாப்பி மொட்டு தலைகுனிந்து தொங்கும், மலரும் நேரத்தில் காம்பு நிமிரும். அப்படியானால் பாதி நிமிர்ந்த நிலையில் அந்த வளைவு எப்படி இருக்கும்? இப்படி ஒரு கேள்வி காத்திருந்தால் மறுநாள் உற்சாகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விடை தெரிந்துகொள்ளவாவது கால் அங்கே போய்விடும். போனதும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் ஒரு பத்து நிமிடம் செடியைச் சுற்றி வாருங்கள். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தால் பின்னணி முழுக்க மாறிவிடும் என்பது வெறும் கண்ணால் பார்க்கும்போதுதான் நன்றாகப் புரியும்.

சமூக வலைத்தளங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. ஒரு பாணி முளைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் படங்களைப் பகிராதீர்கள். முகம் காட்டும் பூவுக்குத்தான் விருப்பக்குறிகள் விழும், அது இயல்பு. முதுகு காட்டும் பூ பார்ப்பவர்களிடம் ஒரு நிமிடம் கேட்கிறது, விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர்களிடம் அது இருக்காது. நான் அந்தப் படங்களைத் தனி ஃபோல்டரில் பூட்டி வைத்து, கண்ணும் கருத்தும் தெரிந்த ஓரிருவரிடம் அச்சில் மட்டும் காட்டினேன். அவர்கள் எந்தப் படத்தில் நின்றார்கள், எதைச் சீக்கிரம் கடந்தார்கள் என்பதைக் கவனித்தேன். வாயால் சொன்ன விமர்சனத்தைவிட அதுவே எனக்கு அதிகம் சொன்னது.

எடிட்டிங்கில் நான் அதிகம் செய்வதில்லை. பச்சையின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைப்பேன், நிழலை நிழலாகவே விடுவேன். புல்லிகளின் மெழுகுப் பளபளப்பு உறுத்தும் என்று தோன்றினால் எடுக்கும்போதே லென்ஸின் முன்னால் பளபளப்பை வடிகட்டும் போலரைசர் போட்டுக்கொள்வேன். ஒன்றரை ஸ்டாப் போல வெளிச்சம் போகும், பரவாயில்லை. வேறொருவர் அமைத்துவைத்த எடிட்டிங் தொகுப்பான பிரீசெட்டை வாங்கி எல்லாப் படத்துக்கும் போட்டால் படங்கள் ஒரே குடும்பம்போலத் தெரியும். ஆனால் அந்த ஒற்றுமை பிரீசெட் செய்தவருடையது. மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இல்லையே என்று தயங்குபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 25 மில்லிமீட்டர் நீட்டிப்பு வளையம் மாட்டினால் பூவின் பாதி அளவு வரை சென்சாரில் கிடைக்கும். பூவின் முதுகுக்கு அது தாராளம்.

இப்போது நான் இதழ்கள் உதிர்ந்த பிறகு மிஞ்சி நிற்கும் புல்லிவட்டங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குறிப்பாகச் சொடக்குத்தக்காளி. பூ முடிந்த பிறகு அதன் புல்லிவட்டம் வளர்ந்து, உப்பி, காயை முழுதாக மூடிக்கொள்ளும். நாளடைவில் காய்ந்து, சதைப்பகுதி மட்கி, வலைபோன்ற நரம்புகள் மட்டும் நிற்கும். அந்த வலையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் நரம்புகள் அருமையாக வருகின்றன, ஆனால் உள்ளே இருக்கும் காய் இருளில் போய்விடுகிறது. பின்னொளியில் எடுத்தால் காய் ஒரு கறுப்பு உருண்டையாகி, முன்பக்க நரம்புகளும் பின்பக்க நரம்புகளும் பின்னிக்கொள்கின்றன. கீழே ஒரு சின்ன வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்துக் காய்க்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் அனுப்பிப் பார்த்துவருகிறேன். அட்டை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. இன்றைக்கு நோட்டில் எழுதியிருக்கும் கேள்வி அதுதான்.